காசளவு முகம்

அன்று காலை மின்னா ஸாபெல் பத்திரிகையைப் பிரித்தபோது முதல் பக்கத்தில் நிதி மந்திரிக்குத் தலை இல்லை. கோட்டு இருந்தது, கோட்டுப் பையில் சொருகிய கைக்குட்டை இருந்தது, பின்னால் நின்ற கனவான்கள் மரியாதையாகக் குனிந்துகொண்டிருந்தார்கள். கழுத்துக்கு மேலே மட்டும் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக அடுப்பில் வெந்துகொண்டிருந்த டர்னிப் கிழங்கு தெரிந்தது. நாட்டின் நிதி நிலைமையைப் பார்த்தால் இதுவே மந்திரியின் சரியான உருவப்படம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் பத்திரிகை அவள் காசில் வருவது. தலையை வெட்டிக்கொண்டு போனவர் அவள் வீட்டு வாடகைக்காரர். போன தலையின் பின்பக்கத்தில்தான் உருளைக்கிழங்கு எந்தக் கிழமை, எந்தக் கடையில் என்ற அறிவிப்பு இருந்தது. மந்திரி இல்லாமல் பெர்லின்வாசிகள் எத்தனை நாள் வேண்டுமானாலும் காலம் தள்ளுவார்கள். கிழங்கு வரும் கிழமை தெரியாமல், அதுவும் சண்டை முடிந்து இரண்டாவது கோடையில், ஒரு வாரம்கூடத் தள்ள முடியாது.

வாடகைக்காரரின் பெயர் பால்டுயின் குவாண்ட். ஓவியர் என்று சொன்னால் கோபம் வரும். ஓவியம் செத்துவிட்டது, தான் ஒரு ‘பொருத்துநர்’, தொழிற்சாலையில் இயந்திரத்தைப் பொருத்துகிறவன் மாதிரி படத்தைப் பொருத்துகிறவன் என்பார். அதற்காகவே மெக்கானிக்குகள் போடும் நீல மேலங்கி ஒன்றைத் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை சமையலறைக் குழாய் ஒழுகியபோது மின்னா அவரைக் கூப்பிட்டாள். மேலங்கியோடு வந்து, குழாயை நெடுநேரம் பார்த்து, இந்தச் சொட்டுச் சத்தத்தில் ஒரு புதிய யுகத்தின் தாளம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். குழாயைப் பிற்பாடு மின்னாவே ஒரு பழைய ரப்பர் துண்டு வைத்து இறுக்கினாள்.

மின்னாவுக்கு வீட்டின் முன்பக்கத்தில் ஒரு சோப்புக் கடை. சோப்பு, மெழுகுவர்த்தி, சலவைச் சோடா. கடைக்குப் பின்னால் சமையலறை, கூடம், கூடத்தை ஒட்டிக் குவாண்டின் அறை. கதவைச் சாத்துவது பூர்ஷ்வா பழக்கம் என்று அவர் கருதியதால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். முதலில் திட்டுவதற்காகத்தான் எட்டிப் பார்த்தாள். அவளுடைய மாவு ஜாடியிலிருந்து கைப்பிடி கைப்பிடியாக மாவு போய்க்கொண்டிருந்தது. ஊரே மரத்தூள் கலந்த ரொட்டியைத் தின்னும்போது இந்த மனிதர் நல்ல கோதுமை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் காகிதத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அப்படித் திட்டப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு தினமும் நின்றாள். வேறு எந்த விஷயத்திலும் நம்ப முடியாத அந்த மனிதர் கத்தரிக்கோலை எடுத்தால் மட்டும் வேறு ஆளாக மாறினார். நகம் வெட்டுகிற வளைந்த கத்தரி. அதை அசைக்காமல் பிடித்துக்கொண்டு காகிதத்தைத்தான் திருப்புவார். பசை தடவிய காகிதம் முதலில் ஊறிப் பெரிதாகும், அது பெரிதாகி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும், அவசரப்பட்டு ஒட்டினால் காயும்போது சுருக்கம் விழும். ஒட்டியபின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் நீவ வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததல்ல, அவள் பார்த்ததுதான். அவர் சொன்னதெல்லாம் மனித குலத்தைப் பற்றி.

அவளுக்கு வேடிக்கையாக இருந்தது ஒட்டுவது அல்ல, அதற்கு முந்தைய வேலை. ஒரு பல்சக்கரம், ஒரு நாட்டியக்காரியின் கால், டிராம் சீட்டு, அவள் கடையிலிருந்து பொறுக்கிய லாவெண்டர் சோப்பு உறை. இவற்றை அட்டைமேல் பரப்பி, விரல் நுனியால் இப்படித் தள்ளி அப்படித் தள்ளி, ஒரு முழுக் காலைப்பொழுது நகர்த்திக்கொண்டே இருப்பார். கால் பல்சக்கரத்துக்கு மேலே இருந்தால் ஒரு கதை, கீழே போனால் வேறு கதை. ஏன் சீக்கிரம் ஒட்டித் தொலைக்கக் கூடாது என்று கேட்டபோது, மேடைக் குரலை மறந்து ஒரே ஒருதடவை சாதாரணமாகப் பதில் சொன்னார்.

“ஒட்டாத வரைக்கும்தாம்மா அது உயிரோட இருக்கு. ஒட்டினப்புறம் வெறும் படம்.”

உடனே அந்த அசிரத்தையை ஈடுகட்டுவது போல ஒரு சரித்திரப் பாடமும் நடத்தினார். சண்டைக்கு முன்னால் பாரிஸில் ஒரு ஸ்பானியர், நாற்காலிப் பிரம்பு அச்சடித்த மெழுகுத்துணியை வெட்டித் தன் படத்தில் ஒட்டினாராம். பெயின்ட் அடிக்கிற குடும்பத்தில் பிறந்த இன்னொருவர் மரம் மாதிரியே அச்சடித்த சுவர்க் காகிதத்தை வாங்கி ஒட்டினாராம். அத்தோடு ஐந்நூறு வருஷத்து ஓவியம் முடிந்தது. மின்னா தன் அலமாரிக் கதவைப் பார்த்தாள். அதில் கருவாலி மரம் அச்சடித்த காகிதம்தான் ஒட்டியிருந்தது; கீழ்மூலையில் உரிந்துகொண்டும் இருந்தது. ஐந்நூறு வருஷத்தை முடித்துவைத்த சாமான் தன் வீட்டில் ஊறுகாய் ஜாடிகளை மூடிக்கொண்டு நிற்கிறது என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை. அன்று மத்தியானம் கடையில் ஆள் இல்லாதபோது, பழைய பத்திரிகையிலிருந்து ஒரு பேராயரை வெட்டி பாத்திரம் தேய்க்கும் சோப்பு விளம்பரத்தில் நுரைக்கு நடுவே உட்கார வைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தார்.

கூடத்துச் சோபாவுக்கு மேலே தொங்கிய படத்தைக் குவாண்ட் கவனித்தது குடிவந்து வெகுநாள் கழித்துத்தான். அதுவரை அவர் அந்தச் சோபாவில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார், படம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அந்தக் காலத்தில் பட்டாளச் சேவை முடித்து வீடு திரும்புகிற ஒவ்வொரு பையனும் வாங்கிவருகிற படம்தான். பெரிய வண்ண அச்சு. முன்னங்கால் தூக்கிய குதிரை, புகை கக்கும் பீரங்கி, மேலே சக்கரவர்த்தி, நாலு பக்கமும் கருவாலி இலைத் தோரணம். ஒரே அச்சு ஆயிரம் பேருக்கு. குதிரைமேல் இருக்கிற வீரனுக்கு முகம் மட்டும் காலியாக விட்டிருப்பார்கள். பாளைய வாசலில் இருக்கிற போட்டோக்காரர் உங்களைப் பிடித்து, காசளவுக்கு உங்கள் தலையை வெட்டி அங்கே ஒட்டி, கீழே உங்கள் பேரையும் அச்சடித்துக் கொடுப்பார். வாழ்நாளில் குதிரைச் சாணம் மட்டுமே அள்ளியவனும் அதில் பீரங்கிப் புகைக்கு நடுவே பாய்ந்துகொண்டிருப்பான்.

மின்னாவின் படத்தில் பாய்ந்துகொண்டிருந்தவன் அவள் புருஷன் ஆல்வின். அதாவது அவள் சந்திப்பதற்கு முந்தைய ஆல்வின். முறுக்கி மெழுகிட்ட மீசை, தட்டைத் தொப்பி, இருபத்திரண்டு வயது. சண்டை அவனை ஃபிளாண்டர்ஸ் போர்முனைச் சேற்றில் வைத்துக்கொண்டது. திரும்ப வந்தது ஒரு கைக்கடிகாரமும் யாருடையதோ ஒரு கையுறையும். கல்யாணப் படம் ஒன்று இருந்தது, ஆனால் அதில் அவன் இல்லை என்றே சொல்ல வேண்டும். போட்டோக்காரர் கேமரா மூடியைத் திறந்த நேரம் தெருவில் ஒரு நாய் குரைத்தது, ஆல்வின் திரும்பினான். மின்னா முக்காட்டோடு பொம்மை மாதிரி தெளிவாக நிற்கிறாள். அவள் கைகோத்திருக்கிற கோட்டுக்கு மேலே ஈரத்துணியால் துடைத்த மாதிரி ஒரு சாம்பல் கலங்கல். மறுபடி எடுக்கலாம் என்றார் போட்டோக்காரர். ஆல்வின் வேண்டாம் என்றுவிட்டான். அதனால் என்ன, முகம் வேண்டுமென்றால் குதிரைப் படம் இருக்கிறதே என்று அவளும் விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாயும்போது ஆல்வின் அந்தப் படத்தை அண்ணாந்து பார்த்துச் சிரிப்பான்.

“இவன் குறட்டை விடுவான், தெரியுமா?” என்பான்.

“நீங்கதான் விடமாட்டீங்களே.”

“நான் விடமாட்டேன். இவன் விடுவான்.”

ஆல்வினின் வேடிக்கைப் பேச்சுகளில் பாதிக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது. தெரியாமலே சிரித்துப் பழகியிருந்தாள்.

குவாண்ட் சோபாவின் மேல் காலணியோடு ஏறி நின்று படத்தை முகர்ந்தே பார்த்துவிட்டார். மூதாதை கிடைத்துவிட்டான் என்று கத்தினார். பாரிஸ்காரர்கள் மெழுகுத்துணி ஒட்டுவதற்கு முன்பே, பிரஷ்யாவின் பாளைய வாசலில், பெயர் தெரியாத ஒரு பசைக்காரன் இந்தக் கலையைக் கண்டுபிடித்துவிட்டான். ஐந்நூறு வருஷத்தை முடித்துவைத்தவர்கள் ஒரே மத்தியானத்தில் பதவி இழந்தார்கள். இதே தெருவில் இதே படம் இன்னும் இரண்டு இருக்கிறது என்று மின்னா வாய்தவறிச் சொன்னாள். ஒரே வருஷம், ஒரே படைப்பிரிவு, ஒரே பீரங்கியைத் தேய்த்த மூன்று பேர்: ஆல்வின், நிலக்கரி வண்டி ஓட்டும் எமில் போல்கே, ரஷ்யாவில் செத்துப்போன ஃபெலிக்ஸ். வருகிற மாதம் தன் குழு நடத்தும் கண்காட்சிக்கு மூன்றையும் இரவல் வேண்டும் என்றார் குவாண்ட். ஒரு தூசுகூடப் படாமல் திருப்பித் தருவதாகத் தலையில் கைவைத்துச் சொன்னார், அவர் தலையில்தான். மின்னா ஒப்புக்கொண்டது தாராள மனசால் அல்ல. தன் சோபாப் படம் மாளிகைச் சுவரில் தொங்கினால் எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசை. ஃபெலிக்ஸின் மனைவியாக இருந்து இப்போது ஒரு ரொட்டிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டிருந்த லிஸ்பெத் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். எமிலின் மனைவி ட்ரூடாதான் மசியவில்லை. அந்தப் படம் அவள் கட்டிலுக்கு மேலே தொங்குவது. தினம் காலையில் சிவந்த கண்ணோடு சோப்புக் கடைக்கு வந்து, எமிலின் குறட்டையில் சுவர்ச் சுண்ணாம்பு உதிர்கிறது, படத்தில் இருக்கிற அந்த அழகன் எங்கே போனான் என்று கேட்டு மெழுகுவர்த்தி வாங்கிப் போகிறவள். நுழைவுச் சீட்டு இலவசம் என்றதும் கொடுத்தாள்.

மாளிகை, மூடிப்போன ஒரு பியானோக் கடையாக இருந்தது. ‘கலை செத்தது’ என்று வாசலில் ஆளுயர எழுத்து.

“அப்ப கருமாதிக்கா கூப்பிட்டாரு? முன்னாடியே சொல்லியிருந்தா கறுப்புத் தொப்பி போட்டுட்டு வந்திருப்பேனே” என்றாள் ட்ரூடா.

உள்ளே பத்துப் பதினைந்து பேர். அவர்களில் பாதிப் பேர் அந்தக் குழு. குவாண்ட் நாற்காலிமேல் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஒரு மழைநாளில் முன்பின் தெரியாத ஒரு போர்வீரனின் வீட்டில் தான் இந்தக் கலையின் பிறப்பைத் தரிசித்ததாக. மழை பெய்த ஞாபகம் மின்னாவுக்கு இல்லை. கீழே நின்ற தாடிக்காரர் ஒருவர் தரிசித்தது நீயல்ல, நான்தான், அதுவும் உனக்கு முன்பே என்று குறுக்கிட்டார். பழைய கலையை யார் கொன்றது என்பதில் ஒற்றுமையாக இருந்தவர்கள் புதியதை யார் பெற்றது என்பதில் அடித்துக்கொள்ள ஆரம்பித்த நேரத்தில்தான் மின்னா சுவரைப் பார்த்தாள்.

மூன்று படங்களும் வரிசையாகத் தொங்கின. முதல் குதிரையிலும் கடைசிக் குதிரையிலும் வீரனுக்கு முகம் இருந்த இடத்தில் வட்டமாக ஓட்டை, ஓட்டையில் பியானோக் கடையின் பச்சைச் சுவர். லிஸ்பெத்தின் பரணிலிருந்து வந்த நடுப்படத்தில் மூன்று முகங்கள். ஒன்று வீரன் கழுத்தில். ஒன்று குதிரையின் முகத்தில். மூன்றாவது குதிரையின் பின்பக்கம், வாலுக்கு மேலே. கீழே ஒரு சீட்டு: ‘பரிசுத்த மூவர் போருக்குப் புறப்படுகிறார்கள்’. பாளையத்துப் போட்டோக்காரர் போட்டிருந்தது எலும்புப் பசை, ஆவி காட்டினாலும் விடவில்லை; அதனால் குவாண்ட் முற்றத்தில் குதிரைச் சேணம் தைக்கிறவரிடமிருந்து தோலில் துளை போடுகிற உளியை இரவல் வாங்கி, பிஸ்கட் வெட்டுகிற மாதிரி மூன்று முகங்களையும் தட்டித் தட்டி எடுத்து, எது யாருடையது என்று பார்க்காமல் ஒட்டியிருக்கிறார். இதைப் பிற்பாடு அவரே பெருமையோடு விளக்கினார்.

“பின்னாடி இருக்கறது யாரு?” என்றாள் ட்ரூடா, மெதுவாக.

லிஸ்பெத் ஒரு கணம் பார்த்தாள். “அது ஃபெலிக்ஸாத்தான் இருக்கும்” என்றாள்.

ட்ரூடா குடையை எடுத்துக்கொண்டு நாற்காலியை நோக்கி நடந்ததையும், தாடிக்காரர் அதை நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டியதையும் மின்னா பார்க்கவில்லை. அவள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆல்வினை அவமானப்படுத்திவிட்டார்களே என்று கோபப்படத்தான் தயாரானாள். கோபப்படுவதற்கு முதலில் ஆல்வின் எங்கே என்று தெரிய வேண்டுமே. குதிரை முகத்தில் இருப்பவனா, கழுத்தில் இருப்பவனா? மூன்றும் ஒரே தொப்பி, ஒரே மீசை, போட்டோக்காரர் பென்சிலால் பருவையும் தழும்பையும் அழித்துப் பளபளப்பாக்கிய ஒரே கன்னம். வீட்டில் தொங்கும்போது அது ஆல்வின், ஏனென்றால் அது அவள் சோபாவுக்கு மேலே தொங்கியது. இங்கே பச்சைச் சுவரில் அது யாராகவும் இருக்கலாம். இத்தனை வருஷமாகத் தூசு தட்டியபோதெல்லாம் தான் பார்த்தது முகத்தையா, சட்டத்தையா என்று ஒரு கேள்வி எழுந்தது. புருஷனின் முகம் தனக்குத் தெரியவில்லை என்று ஒருத்தி யாரிடம் போய்ச் சொல்வாள்?

கண்காட்சி அந்த வாரமே பார்வையாளர் பஞ்சத்தில் செத்தது. குவாண்ட் முகங்களைத் திரும்பவும் தட்டியெடுத்து ஒரு தீப்பெட்டியில் போட்டுக்கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை மின்னாவின் சமையலறையில் எல்லோரும் கூடினார்கள்; எமில் கரியெல்லாம் தேய்த்துக் குளித்துக் கழுத்துப்பட்டியோடு வந்திருந்தான். மின்னா வெள்ளைத் தட்டு ஒன்றில் மூன்றையும் வைத்தாள். மூன்று காசு. மூன்றுக்கும் ஒரே அடிப்படம், ஒரே உளி. விளிம்பைப் பார்த்தும் கண்டுபிடிக்க வழியில்லை. யார் யார் என்பது முக்கியமா, தனிமனிதன் என்பதே காலாவதியான கற்பனை அல்லவா என்று குவாண்ட் தொடங்கினார். தனிமனிதர் ஒருத்தர் இப்ப உதை வாங்கப்போறார் என்று ட்ரூடா சொன்னதும் தத்துவம் அடுப்போரமாகப் போய் நின்றுகொண்டது.

எமில் குனிந்து பார்த்தான். மூன்றில் ஒன்று கொஞ்சம் நல்ல முகம் என்று சொல்லலாம்; கண்ணில் ஏதோ சிரிப்பை அடக்குகிற களை. எமில் விரலை நேராக அதன்மேல் வைத்தான்.

“இதுதான் நான்.”

“இதேதான்” என்றாள் ட்ரூடா உடனே. “என் கட்டிலுக்கு மேல தொங்கினவனை எனக்குத் தெரியாதா? இவனைப் பார்த்துத்தானே ஏமாந்தேன்.”

உயிரோடு இருக்கிற மனிதன் தன் முகம் இதுதான் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? ஆனால் அந்த விரல் விலகியபோது மின்னாவுக்கு மனசில் ஒரு முள் தைத்தது. அந்த அடக்கிய சிரிப்பை எங்கேயோ பார்த்திருக்கிறாள். நிலக்கரி மூட்டைக்குக் கீழே எமில் போல்கே சிரித்து அவள் பார்த்ததில்லை. உன்னுடையது எது என்று ட்ரூடா கேட்டாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். யோசித்தால் மானம் போய்விடும் என்று தோன்றியது. மின்னா மீதியிருந்த இரண்டில் ஒன்றைப் பட்டென்று தொட்டாள். “இது.”

லிஸ்பெத் மிச்சத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எனக்கு எதுவும் வேண்டாம்டி. வீட்ல இருக்கறவர் ஒத்தை மூஞ்சியையே பார்த்துத் தீரல. ரெண்டையும் நீயே வெச்சுக்க” என்று சொல்லி, புது வீட்டுக்காரர் சுட்ட ரொட்டி ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த வாரம் முழுக்க மின்னா இரண்டு முகங்களையும் மாற்றி மாற்றிக் குதிரைமேல் வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை, ஓட்டைக்குப் பின்னால் ஓர் அட்டை கொடுத்துச் சும்மா வைத்தாள். ஒருநாள் இவன், ஒருநாள் அவன். இரண்டு பேருமே கடைக்கு வெளியே நின்று ஜன்னல் வழியாகச் சோப்பைப் பார்க்கிறவர்கள் மாதிரிதான் பார்த்தார்கள்; உள்ளே வருகிற உரிமை யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. கண்ணை மூடி ஆல்வினை வரவழைக்கப் பார்த்தாள். அவன் கழுத்துக்குப் பின்னால் இருந்த மடிப்பு வந்தது, ரொட்டி வெட்டுகிற கை வந்தது, படியேறும்போது கடைசிப் படியைத் தாண்டிக் குதிக்கிற சத்தம் வந்தது. முகம் மட்டும் நாயைப் பார்க்கத் திரும்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, போல்கே வீட்டுக்கு எப்போதோ தரவேண்டிய ஒரு கட்டி சோப்பை நினைவுக்குக் கொண்டுவந்து, ட்ரூடா மாவு வரிசையில் நிற்கிற நேரமாகப் பார்த்துப் படியேறினாள்.

எமில் வெந்நீர்த் தொட்டியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. சோப்பை வாங்கி வைத்துவிட்டு, கட்டில் அறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்துவிட்டான். உள்ளே சுவரில் குதிரை பாய்ந்துகொண்டிருந்தது. முகத்தைச் சுற்றி ட்ரூடாவின் கைவேலை. பசை கொஞ்சம் பிதுங்கியிருந்தது.

“பாருங்க. அதுக்குத்தானே வந்தீங்க, ஸாபெல் அம்மா.”

மின்னா வாசலில் நின்று பார்த்தாள். கேட்க வந்ததை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எமில் தொட்டிக்குள் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே, அவள் கேட்காமலே சொல்லத் தொடங்கினான். பாளைய வாசலில் அந்தப் போட்டோக்காரரின் மனைவிதான் தலை ஒட்டுவாளாம். மடியில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு பெட்டி நிறையத் தலை. மூன்று பேருக்கும் சேர்ந்து ஒரே மீசை மெழுகு டப்பா, மூன்று மீசையையும் ஒரே பையன் முறுக்கிவிட்டது. பாவம், அவளைச் சொல்லியும் குற்றமில்லை. படங்களைக் குழலில் சுருட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வருகிற ரயிலில்தான் பிரித்துப் பார்த்தார்கள்.

“ஃபெலிக்ஸ் மட்டும்தான் அவன் குதிரைமேல இருந்தான். என் குதிரைமேல ஆல்வின். ஆல்வின் குதிரைமேல நான். படத்தை மாத்திக்கலாம்னா கீழ பேர் அச்சடிச்சிருக்கு. நான் திரும்பிப்போய்ச் சண்டை போடலாம்னேன். ஆல்வின் சிரிச்சுட்டே சொன்னான், விடுடா எமில், என் மூஞ்சியை வெச்சாவது உனக்கு ஒரு பொண்ணு கிடைக்கட்டும்னு.” எமில் ஒரு காலை எடுத்துத் துண்டில் வைத்தான். “ட்ரூடா கிடைச்சா.”

“ட்ரூடாவுக்குத் தெரியுமா?”

“சொல்லல. அன்னைக்கு உங்க தட்டுல வேற எதைத் தொட்டிருந்தாலும் அவ கண்டுபிடிச்சிருப்பா. எனக்கு வேற வழி தெரியல.”

கீழே தெருவில் யாரோ தகர வாளியை உருட்டிக்கொண்டு போனார்கள். மின்னா சுவரில் இருந்த குதிரையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு சம்பந்தமே இல்லாத மாதிரி ஒன்று கேட்டாள்.

“போல்கே, பட்டாளத்துலயும் நீங்க குறட்டை விடுவீங்களா?”

“குதிரைங்க தூங்காதுன்னு லாயத்துக்கு அந்தப் பக்கமாப் படுக்க வெச்சாங்க” என்றான் எமில்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் வந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் சோபாவில் சாய்ந்து ஆல்வின் சிரித்த சிரிப்பு, இப்போதுதான் வந்து சேர்ந்தது. தபாலில் தாமதமானது போல. அவள் சோபாவுக்கு மேலே எமில் போல்கேயைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தீப்பெட்டியைத் திறந்து நீட்டினாள். எமில் தன்னை எடுத்துக்கொண்டான். அன்று அவள் பட்டென்று தொட்டது ஃபெலிக்ஸை என்றும் சொன்னான். பிறகு தன் முகத்தை விளக்கருகே பிடித்துக் கண்ணைச் சுருக்கினான்.

“இவ்வளவு பயந்துபோயா இருந்தேன்?” என்று கேட்டான். யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை. உள்பையில் போட்டுக்கொண்டு, வேண்டுமானால் ஆல்வினை எடுத்துக்கொள்ளுங்கள், ட்ரூடாவிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்றான். என்ன சொல்வான் என்று அவனுக்கும் தெரியாதது குரலிலேயே தெரிந்தது.

மின்னா கட்டிலருகே போனாள். இருபத்திரண்டு வயது ஆல்வின், சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாய்ந்துகொண்டிருந்தான். காய்ச்சலுக்குக் கஷாயம் கொண்டுவந்தபோதும், ட்ரூடாவின் மாமியார் செத்தபோதும் இந்த அறைக்கு வந்திருக்கிறாள். ஒருதடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. தன் வீட்டிலேயே ஒன்று இருக்கும்போது எதற்கு? பிதுங்கிய பசை ஓரத்தில் சரியாகப் பிடிக்கவில்லை. நகத்தை உள்ளே கொடுத்தால் வந்துவிடும். நகத்தை வைத்தும் பார்த்தாள். படியில் ட்ரூடாவின் மூச்சிரைப்பு கேட்டது, மாவு வரிசையைத் திட்டிக்கொண்டு வந்தது.

“இருக்கட்டும்” என்றாள் மின்னா. “இங்க நல்ல வெளிச்சம்.”

ட்ரூடா பையோடு உள்ளே வந்து, கட்டிலருகே நிற்பவளைப் பார்த்தாள். “என் ஆளை ஏன்டி அப்படி முறைச்சுப் பாக்கற? கண்ணு படப்போகுது” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மின்னா குதிரைப் படத்தை இறக்கிச் சமையலறை மேஜையில் கிடத்தினாள். சட்டத்தைக் கழற்றினாள். உள்ளே எந்த முகமும் இல்லை, ஓட்டையில் மேஜை மரம் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து கல்யாணப் படத்தை எடுத்துவந்து, அச்சுக்கு அடியில் நுழைத்து, குவாண்ட் செய்கிற மாதிரி விரல் நுனியால் தள்ளினாள். ஓட்டையில் முதலில் ஸ்டுடியோவின் பொய்த் தூண் வந்தது. பிறகு முக்காடு. பிறகு தொப்பி இருக்க வேண்டிய இடத்தில் மலர்க் கிரீடத்தோடு அவளே வந்து, பீரங்கிப் புகைக்கு நடுவே, குதிரைமேல், திகைத்துப்போய் உட்கார்ந்தாள். பொருத்தமாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு விரற்கடை தள்ளினாள். அந்தச் சாம்பல் கலங்கல் வட்டத்துக்குள் வந்து நின்றது. அளவு சரியாக இருந்தது. இத்தனை காலம் அட்டை மாதிரி முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்தக் குதிரை முதல்முறையாக ஓடியது. அதன்மேல் இருப்பவன் அவ்வளவு வேகத்தில் போனான், முகம் பிடிபடவில்லை, எங்கேயோ குரைக்கிற நாயின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான்.

குவாண்ட் மாவு ஜாடியைத் தேடி வந்தவர் வாசலில் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு உள்ளே போய்த் தன் பசைக் கிண்ணத்தையும் தூரிகையையும் கொண்டுவந்து, சத்தமில்லாமல் அவள் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மின்னா அதைத் தொடவில்லை. கிண்ணத்தில் பசைமேல் மெல்ல ஆடை கட்டத் தொடங்கியது. அவள் ஒரு விரலைக் கல்யாணப் படத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தாள், தள்ளினாள், மறுபடி இழுத்தாள். வட்டத்துக்குள் அவன் வந்தான், அவள் வந்தாள், அவன் வந்தான்.